'கபடம் தெரியாத குழந்தைகள்' என்று இனிமேல் எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மறுநாள் நம் நாளிதழின் கடலூர் பக்கத்தில் ஒரு படம் வெளியிட்டிருந்தீர்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச், பின்னால் கடல், முன்னால் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள் பதினைந்து பேர் இருக்கும், வரிசையாக நிற்கிறார்கள், கையில் பலூன். படம் அழகாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே "கள்ளம் கபடம் அறியாத தெய்வக் குழந்தைகள்" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லை என்று வெட்டுவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், என் தம்பியைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பதினான்கு வருடமாகச் சிறப்பாசிரியர் வேலை. பள்ளிக்கூடத்துக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுப்பதும் அதில் உண்டு, அதனால் முதுநகர் மீனவர் குப்பத்திலிருந்து நெல்லிக்குப்பம் கரும்புக்காட்டு ஓரம் வரைக்கும் இந்தப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுத் திண்ணைகள் எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் முன்னால் நான் ஒரு அக்கா. என் தம்பிக்கு டவுன் சின்ட்ரோம், பிறவியிலேயே வருவது, பேசுவதும் கற்பதும் மெதுவாக வரும். இப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது.

அந்த வரியை எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார். எங்கள் அம்மாவும் பல வருடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமையும் வரும். ஆனால் கபடம் தெரியாது என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நான் உங்களிடம் ஒன்றை மறைக்க வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும். நடந்தது ஒன்றாக இருக்க, உங்கள் மனசில் வேறொன்று இருக்க முடியும் என்பதும் புரிய வேண்டும். அந்த வேறொன்றை நானே அங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்பது அதற்கும் மேலே ஒரு படி. இவ்வளவும் சேர்ந்தால்தான் ஒரு சின்னப் பொய். கபடம் தெரியாத பிள்ளை என்று நாம் கொஞ்சும்போது, அடுத்தவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளை என்றுதான் சொல்கிறோம். மனம் அந்த இடத்தில் இன்னும் வளரவில்லை என்று பொருள். அதை ஒரு குணமாக்கி, மாலை போட்டு, அப்படியே இரு கண்ணே என்று நிறுத்திவிடுகிறோம்.

உளவியல் படித்தவர்கள் இதற்கு 'தியரி ஆஃப் மைண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தமிழில் மனக்கோட்பாடு என்று எழுதுகிறார்கள். 1978இல் பிரிமாக், வுட்ரஃப் என்ற இரண்டு பேர் சிம்பன்சிக்கு இது உண்டா என்று கேட்டு எழுதிய கட்டுரையில் வந்த பெயர். எங்கள் வேலையில் அது வாயில் நுழையாது, 'அடுத்தவங்க மனசு புரியறது' என்றுதான் பெற்றோரிடம் சொல்வோம்.

1983இல் ஆஸ்திரியாவில் விம்மர், பெர்னர் என்ற இரண்டு பேர் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை எடுத்து வேறொரு அலமாரியில் வைக்கிறாள். பையன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அதன் கணக்கு. நாலு, ஐந்து வயது ஆகும்போது பெரும்பாலான பிள்ளைகள் "பழைய இடத்துலதான் தேடுவான், அவனுக்குத்தான் தெரியாதே" என்று சொல்லிவிடுகிறார்கள்.

என் தம்பி அந்த இடத்துக்கு வர எத்தனை வருடம் ஆனது என்று சொல்கிறேன்.

அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தெருவில் ஒளிந்துபிடித்து விளையாடுவோம். அவன் கதவுக்குப் பின்னால் நிற்பான், கால் ரெண்டும் வெளியே தெரியும். "தம்பி எங்கடா இருக்க?" என்று கேட்டால் "இங்க இருக்கேன்க்கா" என்று பதில் வரும். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். பன்னிரண்டு வயதில் அப்பாவின் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கீழே போட்டு உடைத்தான். உடைத்த கையோடு துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் போய் "நான்தான் போட்டேன்" என்று நீட்டினான். பக்கத்து வீட்டுப் பாட்டி, "பாத்தியா, பொய்யே தெரியல, தெய்வம்டி இது" என்றார். அந்த வயதில் நானும் அதைத்தான் நம்பினேன்.

அதே வருடமோ அடுத்த வருடமோ, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். தம்பி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தான் ஒளித்து வைத்திருந்த கடலை மிட்டாயை எடுத்து அவர் வாயில் திணித்தான். அம்மாவுக்கு வாந்தி வரும்போல் இருந்தது, அவன் விடவில்லை. அன்பு இல்லாமலா? நிறைய இருந்தது. தனக்குப் பிடித்தது அம்மாவுக்கு இந்த நேரத்தில் பிடிக்காது என்பது மட்டும் தெரியவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பின்னால் படிக்கப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. பிறர் வருத்தப்படும்போது கலங்குவது ஒன்று, அவர்கள் எதற்காக வருத்தப்படுகிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. முதலாவது என் தம்பிக்கு எப்போதும் இருந்தது.

சரி, பொய்க்கு வருகிறேன். அவனுக்குப் பதினேழு வயது. வைகாசி மாதம், பண்ருட்டியிலிருந்து மாமா ஒரு பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அம்மா அதை அறுத்து, சாயங்காலம் வரப்போகிற விருந்தாளிக்கு என்று சுளைகளை ஒரு தூக்கில் போட்டு மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் தூக்கு காலி. கொட்டைகள் எங்கேயும் இல்லை. "யார்டா தின்னது?" என்றார். தம்பி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், விரல் எல்லாம் பிசுபிசு என்று ஒட்டியிருந்தது, அதைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே, அம்மா முகத்தை நிமிர்ந்து பார்த்து, "பூனை" என்றான்.

அம்மா கையை ஓங்கிவிட்டார். நான் குறுக்கே விழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்ன ஆச்சு இவளுக்கு என்று அம்மா திகைத்துப்போய் நின்றார். கொட்டைகளை எல்லாம் அவன் செம்பருத்தித் தொட்டியில் மண்ணைத் தோண்டிப் புதைத்திருந்தான், மேலே மண்ணைச் சமன் செய்தும் வைத்திருந்தான். அம்மா வீட்டில் இல்லை, அதனால் அம்மா பார்க்கவில்லை, அதனால் அம்மாவுக்குத் தெரியாது, கொட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும், வேறு யாரையாவது சொன்னால் நம்புவார்: இத்தனை படி அவனுக்குள் தானாக ஏறியிருந்தது. பூனை பலாச்சுளை தின்னாது என்பதும், வீடு முழுக்க மணக்கும் வாசம் அம்மா மூக்குக்கும் எட்டும் என்பதும் அடுத்த படி. அது அன்றைக்கு இல்லை. எனக்கு அந்தப் பதினேழு வருடத்தில் அதைவிடச் சந்தோஷமான நாள் இருந்ததாக நினைவில்லை.

பொய் சொல்லப் பழக்குங்கள் என்று நான் எழுதுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். மற்ற பிள்ளையைப் போல அவனுக்கும் பொய் தப்பு என்று சொல்லிக்கொடுத்தோம், சுளையைத் தின்றதற்கு விருந்தாளியிடம் மன்னிப்பும் கேட்க வைத்தோம். ஆனால் சொல்லத் தெரிந்தவனிடம்தான் சொல்லாதே என்று சொல்ல முடியும்.

இந்தப் பிள்ளைகளுக்கு இது வரவே வராது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது, அதனால் ஒரு விவரத்தைச் சொல்கிறேன். 1985இல் லண்டனில் பாரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் மூவரும் இரண்டு பொம்மைகளையும் ஒரு கோலிக்குண்டையும் வைத்து அந்தச் சாக்லேட் கதையைப் போலவே ஒரு சோதனை செய்தார்கள். ஆட்டிசம், அதாவது மற்றவர்களோடு பேசிப் பழகுவது வேறு விதமாக இருக்கும் வளர்ச்சி நிலை, அது உள்ள பிள்ளைகள் 20 பேரில் 4 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் 14 பேரில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். வளர்ச்சியில் குறையில்லாத 27 பிள்ளைகளில் 23 பேர். ஆட்டிசம் பற்றிய ஆய்வு என்றுதான் இது பேர் வாங்கியது. எனக்கோ அந்தப் பதினான்கில் பன்னிரண்டு என்ற கணக்கு போதும், படித்த அன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். ஆனால் கூடவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 27 பிள்ளைகளின் சராசரி வயது நாலரை. டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளின் சராசரி வயது பதினொன்றுக்குப் பக்கம். தாமதமாக வருகிறது, ஆனால் வருகிறது. பிற்பாடு 1998இல், அதுவரை நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டும் அல்ல, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் இதில் தடுமாற்றம் இருக்கிறது, ஆட்டிசத்தில் அது இன்னும் அதிகம் என்று தெரிந்தது. ஆக இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டில் செய்த சோதனை, நம் வீட்டுக்குக் கொண்டுவரும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பிரபலமான சோதனை உண்டு. மிட்டாய் டப்பாவைக் காட்டி உள்ளே என்ன என்று கேட்பார்கள், குழந்தை மிட்டாய் என்று சொல்லும், திறந்தால் பென்சில் இருக்கும். அப்புறம், இதைத் திறந்து பார்க்காத உன் நண்பன் உள்ளே என்ன இருக்கும் என்று நினைப்பான் என்று கேட்பார்கள். நான் இதை ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்துச் செய்து பார்த்தேன். முதுநகரில் ஒரு வீடு, பத்து வயதுப் பெண் பிள்ளை. டப்பாவைக் காட்டி உள்ளே என்ன என்றால், அவள் கொஞ்சமும் யோசிக்காமல் "ஊசி நூலு" என்றாள். நம் வீடுகளில் பிஸ்கட் டப்பாவில் ஊசி நூலும் பட்டனும்தானே இருக்கும்? ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு, ஐஸ்கிரீம் டப்பாவில் இட்லி மாவு. அந்தப் பிள்ளை சொன்னது சரி. சோதனைத் தாளில் அதைத் தப்பு என்றுதான் குறித்திருப்பார்கள். இப்படித்தான் எத்தனை பிள்ளைகளுடைய மதிப்பீட்டுத் தாளில் 'புரியவில்லை' என்று எழுதப்பட்டிருக்கிறதோ, நினைத்தால் மனசு கனக்கிறது. அப்புறம் நான் டப்பாவை விட்டுவிட்டேன். அவள் பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பதிலாக இரண்டு புளியங்கொட்டையைப் போட்டு, "பாட்டி இப்ப வந்தா உள்ள என்ன இருக்குன்னு நெனைப்பாங்க?" என்றேன். அவள் பையைப் பார்த்தாள், பாட்டி போன வழியைப் பார்த்தாள், ரொம்ப நேரம் கழித்து "வெத்தல" என்றாள், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதனால் சிலருக்கு வருகிறது, சிலருக்கு அத்தனை தாமதம்? காரணம் பல இருக்கும், மூளையும் ஒரு காரணம், ஞாபகத்தில் இரண்டு மூன்று விஷயத்தை ஒரே நேரத்தில் பிடித்து வைக்க முடியாததும் ஒரு காரணம். ஆனால் நம் கையில் இருக்கிற ஒரு காரணம் பேச்சு. 1995இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர்சன், சீகல் என்ற இருவர் காது கேளாத பிள்ளைகளிடம் இதே சோதனையைச் செய்தார்கள். காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத பிள்ளைகள் பலர், அறிவில் எந்தக் குறையும் இல்லாதவர்கள், இதில் ரொம்பவே பின்தங்கினார்கள். அம்மா அப்பாவும் காது கேளாதவர்களாக இருந்து, பிறந்ததிலிருந்தே வீட்டில் சைகை மொழியில் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பின்தங்கல் இல்லை என்று அதற்கடுத்த ஆய்வில் தெரிந்தது. மனசைப் பற்றிப் பேச்சு நடக்கிற வீட்டில் அந்தப் புத்தி சீக்கிரம் வருகிறது. நிகரகுவா நாட்டில் இதற்கும் மேலே ஒன்று பார்த்தார்கள். அங்கே புதிதாகப் பிறந்த ஒரு சைகை மொழி, அதன் முதல் தலைமுறைக்காரர்களிடம் 'நினைக்கிறான்', 'தெரியும்' போன்ற சைகைகள் சரியாக இல்லை. வளர்ந்த பெரியவர்களாக இருந்தும் இந்தச் சோதனையில் தடுமாறினார்கள். இரண்டு வருடம் கழித்து, இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்ட பிறகு, அதே ஆட்கள் சரியாகச் செய்தார்கள். பிள்ளைக்கு வயது ஏறிவிட்டது, இனி என்ன என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். நான் போகும் வீடுகளில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இந்தப் பிள்ளையிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். உட்காரு. சாப்பிடு. தொடாத. இங்க வா. வாயத் துடை. சத்தம் போடாத. அவ்வளவுதான். அதே வீட்டில் அதே நேரத்தில் அவனுடைய தங்கையிடம், "அப்பா வருவாருன்னு நெனைச்சேன், வரல பாரு", "உங்க மிஸ் மறந்துட்டாங்க போல", "பாட்டி கோவமா இருக்காங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றெல்லாம் பேச்சு ஓடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இவனுக்கு எங்கே புரியப்போகிறது என்று சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் கட்டளை மட்டும் மிஞ்சிவிடுகிறது. மனசைப் பற்றிய பேச்சு அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

நம் மொழியிலோ இதற்கு என்று தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. 'ன்னு' ஒன்று போதும். மழை வரும்னு நெனைச்சேன், பஸ் போயிடுச்சின்னு சொன்னா, பாம்புன்னு பயந்துட்டான். அந்த 'ன்னு'வுக்கு முன்னால் இருப்பது ஒருத்தர் மனசில் இருப்பது, நிஜமாக இருக்கவேண்டும் என்று இல்லை. அதேபோல 'ஆம்'. மாமா நாளைக்கு வர்றாராம், அவளுக்குப் பசிக்கலையாம். அதைக் கடைசியில் சேர்த்துவிட்டால், இது நான் பார்த்தது அல்ல, இன்னொருத்தர் சொன்னது என்று ஆகிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் நாம் வாய் திறக்கும்போதெல்லாம், யாருக்கு என்ன தெரியும் என்று பிள்ளைக்குக் காட்டிக்கொண்டே இருக்கும் மொழி இது. அதைத்தான் இந்தப் பிள்ளைகளிடம் பேசும்போது நாம் எடுத்து வைத்துவிடுகிறோம். என்னிடம் வரும் அம்மாக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், சோறு ஊட்டும்போது "சாப்பிடு" என்பதோடு, "உனக்குப் பசிக்கும்னு நெனைச்சேன், பசிக்கலையா?" என்றும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

விளையாட்டும் உண்டு. ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு எடுப்போமே, அதைவிட நல்ல பாடம் என் கண்ணில் இன்னும் படவில்லை. தன் சீட்டை மற்றவர் பார்க்காமல் பிடிக்க வேண்டும், முகத்தில் காட்டக் கூடாது, போலீஸ் வந்தவர் எல்லோர் முகத்தையும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் தம்பி சீட்டைப் பிரித்ததும் "திருடன்!" என்று கத்திவிடுவான். அப்புறம் கத்துவதை நிறுத்தினான், ஆனால் திருடன் வந்தால் தோள் குலுங்கச் சிரிப்பான். இதற்கே இரண்டு கோடை விடுமுறை போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜா சீட்டு வந்தபோது தோள் குலுங்கச் சிரித்தான். போலீசாக இருந்த என் சித்தி பெண் அவனைத்தான் திருடன் என்று காட்டினாள். அவன் சீட்டைத் திருப்பிப் போட்டு எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. ஏமாற்றத் தெரியாதவருக்கு ஏமாற்றுகிறவரையும் தெரியாது. தம்பி இருபது வயதில் ஒரு பட்டறையில் எடுபிடி வேலை பார்த்து, முதல் முறையாகச் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு செல்போன் வாங்கினான். பஸ் ஸ்டாண்டில் எவனோ ஒருவன் வந்து, "உங்க அக்கா போனை வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றிருக்கிறான். எடுத்துக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து என்னிடம், "உனக்குப் போன் வந்துச்சா?" என்று கேட்டான். அவன் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு உதவி. போன் போனால் போகிறது. ஒரு பெண் பிள்ளையிடம் ஒருவன் "யாருகிட்டயும் சொல்லாத, அம்மா கோவிச்சுக்குவாங்க" என்று சொன்னால்? அம்மா உண்மையில் கோபித்துக்கொள்ள மாட்டார், இந்த ஆள் அப்படி நினைக்க வைக்கிறான் என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பிள்ளைக்கு என்ன பழக்கம் கொடுத்திருக்கிறோம்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில், மாற்றுத்திறன் உள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சிறப்பாசிரியரின் உதவியைப் பெறலாம் என்று இருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. கபடம் தெரியாத குழந்தை என்று பத்திரிகையில் படிக்கும்போது உங்களுக்குப் பலூன் தெரிகிறது, எனக்கு அந்த பஸ் ஸ்டாண்ட் தெரிகிறது.

வேடிக்கை என்று சொல்ல மாட்டேன், வேதனை, இதே பிள்ளைகளைப் பற்றி இதற்கு நேர்மாறாகவும் பேசுகிறோம். "எல்லாம் தெரிஞ்சுதான் பண்றான் டீச்சர், நடிக்கிறான், திமிரு." காலையில் தெய்வக் குழந்தை என்ற அதே வாய் சாயங்காலம் இதைச் சொல்லும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பதிமூன்று வயது, ஆட்டிசமும் உண்டு. விருந்தாளிகள் முன்னால் "இந்த ஆன்ட்டி குண்டா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவன் வாங்கிய அடி கொஞ்சம் அல்ல. சொன்னால் அவர் மனசு புண்படும் என்பது அவனுக்குத் தெரியாது, அடித்த பிறகும் தெரியவில்லை, குண்டு என்ற வார்த்தைக்குத்தான் அடி என்று நினைத்துக்கொண்டு, டியூப் லைட்டைத் தவிர வேறு விளக்கின் பெயரையே சொல்லாமல் கொஞ்ச நாள் சுற்றினான், குண்டு பல்பு என்று வந்துவிடுமே. அவன் எதற்கு அப்படிச் செய்கிறான் என்று கண்டுபிடிக்க எனக்கே ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் அவன் மனசைப் படிக்கத் தெரியாமல் இருந்தது நான். டேமியன் மில்டன் என்ற சமூகவியல் அறிஞர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் இதைத்தான் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்தின் தலையில் மட்டும் ஏன் கட்டுகிறீர்கள் என்று. அறிவுசார் குறைபாடு உள்ள எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்பது என் அனுபவம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தபோது 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டார்கள், பழைய 'மனவளர்ச்சி குன்றிய' என்ற சொல்லும் மெல்ல மெல்ல விலகி 'அறிவுசார் குறைபாடு' என்று ஆகிவருகிறது. உங்கள் நாளிதழும் அந்த மாற்றத்தைக் கவனமாகக் கடைப்பிடிக்கிறது, அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதே கவனம் இந்தக் கொஞ்சல் வார்த்தைகளிலும் வேண்டும் என்று கேட்கிறேன். திட்டும் வார்த்தையை எடுத்துவிட்டோம். கும்பிடும் வார்த்தை இன்னும் இருக்கிறது, அதுவும் அவர்களை அதே வயதில்தான் நிறுத்தி வைக்கிறது. என் தம்பி இருபத்தொன்பது வயது ஆண். காலையில் தானே சவரம் செய்துகொள்கிறான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் இப்போது கடலை மிட்டாயை நீட்டுவதில்லை, கண்ணாடியையும் தைலத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தூங்கறியா, பேசணுமா?" என்று கேட்கிறான். அவனைக் குழந்தை என்றும் தெய்வம் என்றும் எழுதினால் அவன் யார் என்பதே காணாமல் போகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். இடது ஓரத்தில், பச்சைச் சுடிதார் போட்ட பெண் பிள்ளை, பலூனை ஒரே கையில் பிடித்திருக்கிறாள், மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவளை எனக்குத் தெரியும், அடுத்த நாள் வகுப்பில் கேட்டேன். எல்லோருக்கும் கொடுத்த மிட்டாயில் அவள் கூடுதலாக ஒன்று வாங்கி, காய்ச்சலால் அன்றைக்கு வராத தன் தோழிக்காகக் கைக்குள் மூடி வைத்திருக்கிறாள், படம் எடுக்கிறவர் பார்த்தால் பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்தாளாம்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.